இரும்புப் பெட்டி வந்த வழி

நாட்டாமை பெட்டியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு மண்டிக்குள் வந்தார். வெறுங்காலால் தரையை அங்கங்கே தட்டிக்கொண்டே நடந்தார். பெட்டி நின்ற மூலையிலிருந்து தெருப்படி வரை பதினாறு அடி இருக்கும். அந்தத் தூரத்தை மூன்று தடவை போய் வந்தார். இரண்டு இடத்தில் நின்று குதிகாலை ஊன்றி அழுத்தினார்.

"இந்தக் கல்லு ரெண்டும் பொள்ளலா இருக்கும்மா. அடியில மண்ணு போயிருச்சு. பலகை போட்டுத்தான் தாண்டணும்."

அதற்குப் பிறகுதான் பெட்டியின் பக்கம் திரும்பினார். கைகூப்பவில்லை, தொட்டுக் கண்ணில் ஒற்றவும் இல்லை. உள்ளங்கையை அதன் தலையில் வைத்துச் சற்று நேரம் நின்றார், மாட்டின் முதுகில் கை வைப்பதுபோல.

2018 தை மாதம் அது. திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கமிஷன் மண்டி. மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. பேரன்கள் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, உள்ளே இருந்த இரும்புப் பெட்டியை 18,000 ரூபாய்க்குப் பேசி முடித்திருந்தேன். மதுரையில் என் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். சுமை தூக்கும் குழுவின் தலைவரை நாட்டாமை என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருக்கும் கூட வந்த ஐந்து பேருக்கும் கூலி 9,000. வண்டி வாடகை தனி. பெட்டியின் விலையில் பாதி அதை நகர்த்துவதற்கே ஆகிறதே என்று என் மகன் போனில் அங்கலாய்த்தான். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெட்டி வீடு வந்து சேர்ந்த பிறகு அந்தக் கணக்கை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பதிவுத் துறையில் 33 வருஷம் வேலை பார்த்தவள் நான். இரும்புப் பெட்டியோடு எனக்குப் பழக்கம் அங்கேதான் ஏற்பட்டது. 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, ஒவ்வொரு பதிவாளர் அலுவலகத்துக்கும் தீப்பிடிக்காத பெட்டி ஒன்றை அரசு கொடுக்க வேண்டும் என்கிறது. ஒருவர் தன் உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்துப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். அது 42-ஆவது பிரிவு. வாங்கிக்கொள்கிற பதிவாளர் 5-ஆம் புத்தகத்தில் பதிந்துவிட்டு, உறையை அந்தப் பெட்டியில் வைக்க வேண்டும். இது 43. சட்டம் படித்தவர்களுக்கே இது பெரும்பாலும் நினைவிருக்காது. ஆனால் உயில் கொண்டுவருகிற கிழவர்களுக்குத் தெரியும். ரசீதை வாங்கி மடித்து வைத்துக்கொண்ட பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள். "பெட்டி எங்கம்மா இருக்கு?" என்பார்கள். காட்டுவேன். ஒரு பாட்டி, எழுபத்தைந்து வயதிருக்கும், பெட்டியின் அருகில் போய் இரண்டு கையாலும் அதைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பூட்டை அவர் பார்க்கவே இல்லை. அசைகிறதா என்று மட்டும்தான் பார்த்தார்.

எங்கள் வீட்டுப் பத்திரங்கள் தகரப் பெட்டியில் இருந்தன. ஓய்வு பெற்ற மறு வருஷம் திறந்தபோது, தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கறையான் அரித்திருந்தது. நகல் மனுப் போட்டால் பத்திரத்தின் வாசகம் முழுக்கக் கிடைத்துவிடும், அது என் தொழில், எனக்குத் தெரியும். தாத்தா கைநடுங்கப் போட்ட கையெழுத்து கிடைக்காது. அன்றைக்கு முடிவு செய்தேன், பழைய இரும்புப் பெட்டி ஒன்று வாங்குவதென்று.

இரும்புப் பெட்டி வருவதற்கு முன்னால் நம் ஊர்களில் பொருளை எங்கே வைத்தார்கள்? மண்ணுக்குள்தான். புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898-ல் ஒரு பானை கிடைத்தது. அதில் 501 ரோமானியத் தங்கக் காசுகள். புதைத்தவர் திரும்பி வரவில்லை. இப்படிக் கிடைப்பவை ஏராளமாக இருந்ததால்தான் 1878-லேயே வெள்ளைக்காரர்கள் புதையலுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையாவது மண்ணிலிருந்து எடுத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். புதைப்பதில் ஒரு பெரிய குறை உண்டு. இடம் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அவர் திடீரென்று போய்விட்டால் பொருளும் போயிற்று. அதனால் நெல் குதிருக்குள், பரணுக்கு மேலே, அடுப்படிச் சுவருக்குள் என்று வீட்டுக்குள்ளேயே இடம் தேடினார்கள். வசதியானவர்கள் பலா, தேக்கு மரப் பெட்டிகள் செய்து, இரும்புப் பட்டை அடித்து, அதன் மேலேயே பாய் விரித்துப் படுத்தார்கள்.

திருடனிடம் கன்னக்கோல் இருந்தது. மண்சுவரில் இரவோடு இரவாக ஆள் நுழையும் அளவுக்குத் துளை போட்டுவிடுவான். கதவும் தாழ்ப்பாளும் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் பயனில்லை, அவன் கதவு வழியாக வரப்போவதில்லை. மரப் பெட்டியை அந்தத் துளை வழியாகவே வெளியே இழுத்துக் கொண்டுபோய், வயலில் வைத்து நிதானமாக உடைப்பான். இந்த இடத்தில்தான் இரும்புப் பெட்டியின் பெருமை எனக்குப் பிடிபடுகிறது. கன்னத் துளை வழியாக 600 கிலோ போகாது. திறக்க முடியாதது என்பது இரண்டாவது காவல். தூக்க முடியாதது என்பதே முதல் காவல்.

பூட்டை மட்டும் நம்புவது எவ்வளவு தூரம் சரிவரும் என்பதற்கு லண்டனிலேயே கதை இருக்கிறது. சப் சகோதரர்கள் 1818-ல் ஒரு பூட்டுச் செய்தார்கள். தவறான சாவி நுழைந்தால் காட்டிக்கொடுக்கும் பூட்டு. யாராலும் திறக்க முடியாது என்று முப்பது வருஷத்துக்கு மேல் பேர் வாங்கியிருந்தது. 1851-ல் அங்கே நடந்த பெரிய கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதை 25 நிமிஷத்தில் திறந்து காட்டினார். அதே வருஷம் பிராமா என்ற இன்னொரு பேர்பெற்ற பூட்டையும் திறந்தார், அதற்கு அவருக்கு 51 மணி நேரம் ஆனது. பூட்டுக்காரர்கள் தலைகுனிந்த அந்தச் சமயத்திலும் பெட்டிக்காரர்கள் கலங்கவில்லை. தீ தாங்கும் பெட்டி என்ற ஒன்றை அவர்கள் ஏற்கெனவே செய்து வைத்திருந்தார்கள். லிவர்பூலில் தாமஸ் மில்னர் 1840-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். யோசனை எளியதுதான். இரண்டு தகடு, நடுவே இடைவெளி, அந்த இடைவெளியில் படிகாரம் போன்ற பொருள். படிகாரத்தின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு தண்ணீர். தீயில் சூடானதும் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேறும். அது போய் முடிகிறவரை உள்ளே இருக்கிற காகிதம் கருகாது. பார்பர் கடையில் சவரத்துக்குப் பின் தேய்க்கிறார்களே, அதே படிகாரம். அது ஒரு குடும்பத்தின் பத்திரத்தைக் காப்பாற்றும் என்று தெரிந்தபோது எனக்கு அதன் மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

இந்தச் சீமைப் பெட்டிகள் சென்னைக்கு வந்த காலத்தில் அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நிற்கும். சரக்கெல்லாம் மசூலா படகில்தான் கரைக்கு வர வேண்டும். ஆணியே அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் நெளிந்து கொடுக்கும், உடையாது. 1860களில் இரும்புத் தூண்களின் மேல் ஒரு பாலம் கடலுக்குள் போட்டார்கள். துறைமுகக் கட்டுமானம் அதற்கும் பிறகுதான். பாலம் வரும்வரை கரைக்கு வந்த ஒவ்வொரு இரும்பும், ராயபுரம் ரயிலுக்கான இரும்பு உட்பட, யாரோ சிலர் மார்பளவு தண்ணீரில் நின்று கைமாற்றியதுதான். அவர்கள் ஒருவர் பெயரும் எனக்குத் தெரிந்த எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அங்கிருந்து உள்நாட்டுக்கு மாட்டு வண்டி. மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல். திண்டுக்கல்லும் அதே பாதையில் இருப்பதால் இரண்டு ஊருக்கும் ஒரே நேரத்தில் வசதி கிடைத்தது. காரைக்குடிக்கு 1930 வாக்கில்தான் ரயில். அதற்கு முன்னால் கட்டி முடித்த செட்டிநாட்டு வீடுகளில் நிற்கிற கனத்த பெட்டிகள் கடைசி மைல்களை வண்டிப் பாதையில்தான் கடந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட வீடொன்றில் பெட்டி நிற்கிற அறையின் நிலையை நான் அளந்து பார்த்தேன். வாசல் அகலம் பெட்டியின் அகலத்தைவிட இரண்டு விரல் குறைவு. முதலில் பெட்டியை வைத்துவிட்டுப் பிறகுதான் நிலை வைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அந்த வீட்டு ஆச்சியிடம் கேட்டேன். "பொறகு எதுக்கு வெளிய எடுக்கப் போறோம்?" என்றார்.

செட்டிநாட்டு நகரத்தார் கதையில் பெட்டி என்ற சொல்லே தொழிலாகிவிட்டது. ரங்கூன் மொகல் தெருவிலும் கொழும்பு செட்டியார் தெருவிலும் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் வரிசையாகப் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டியடி, அதாவது கணக்குப் பெட்டியின் முன்னால் கால் மடக்கி உட்காரும் இடம். மேலாள், அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். ஊரிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று வயதில் கப்பலேறிய பையன்கள் அந்தப் பெயரோடுதான் தொழில் கற்றுக்கொண்டார்கள். முன்னால் இருப்பது கைப்பெட்டி, அன்றாடப் புழக்கத்துக்கு. புரோநோட்டும் அடகு நகையும் இருப்பது இரும்புப் பெட்டியில்.

1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8-ல் ஜப்பானியர் ஊருக்குள் வந்துவிட்டார்கள். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில், கிடைக்காதவர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்கள். நடக்கிறவன் என்ன சுமக்க முடியும்? ஒரு படி அரிசி, ஒரு பிள்ளை. திருடனால் தூக்க முடியாது என்பதற்காக வாங்கிய பெட்டியைச் சொந்தக்காரனாலும் தூக்க முடியவில்லை. பர்மாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டிகள்தான் கண்முன் வருகின்றன. பூட்டியபடியே, ஆளில்லாத கூடங்களில்.

நம் பக்கத்தில் பெட்டிக்குக் கிராக்கி ஏறியதற்கு நல்ல காரணங்கள் இருந்தன. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முழுகியது. அரசாங்கத்துக்கு இணையாக நம்பப்பட்ட கம்பெனி அது. பென்ஷன் பணம், சிறுவாடு, கல்யாணச் சேமிப்பு எல்லாம் போயிற்று. அதன் தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது, பணம் போட்டவர்களுக்கு அதனால் என்ன லாபம்? அந்த ஆத்திரத்தில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் சேர்ந்து 1907-ல் இந்தியன் பேங்கைத் தொடங்கினார்கள். 1938-ல் திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க் கதவைச் சாத்தியது. அதே வருஷம் ராஜாஜி அரசாங்கம் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் இருந்த பழைய வட்டியைத் தள்ளியது. பெட்டிக்குள் இருந்த எத்தனையோ புரோநோட்டுகளின் மதிப்பு ஒரே நாளில் இறங்கியது. விவசாயிக்கு அது உயிர்ப்பிச்சை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடன் கொடுத்தவர்கள் காகிதத்தை விட்டுத் தங்கத்தின் பக்கம் திரும்பியதும் இயல்புதான். வங்கி முழுகினால் போட்ட பணத்துக்குக் காப்பீடு என்ற ஏற்பாடு 1962-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அப்போது உச்சவரம்பு 1,500 ரூபாய். அதுவரை ஒரு மளிகைக் கடைக்காரரோ மண்டிக்காரரோ வீட்டில் இரும்புப் பெட்டி வைத்துக்கொண்டதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பம்பாயில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897-ல் பூட்டுச் செய்ய ஆரம்பித்து 1902-ல் பெட்டிக்கு வந்தார். சீமைப் பெட்டிக்கு ஈடாக நம் நாட்டிலேயே ஒரு பெட்டி. திண்டுக்கல்லில் கதை வேறு விதம். அங்கே பெரிய ஆலை எதுவும் இல்லை. வீட்டுத் திண்ணையிலும் பின்கட்டிலும் அரத்தை வைத்துக்கொண்டு ராவிய கைகள்தான். மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்பினால் மணியடிக்கிற பூட்டு என்று விதவிதமாகச் செய்த ஊர், பெட்டியும் செய்தது. சென்னையிலிருந்தோ பம்பாயிலிருந்தோ பெட்டி தருவிக்க வசதியில்லாத சுற்று வட்டாரத்துக் கமிஷன் கடைகளும் கோயில்களும் அங்கே வந்து வாங்கிப் போயின. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வருஷம் நான் நாகல் நகர்ப் பக்கம் போனபோது ராவிக்கொண்டிருந்தவர்களில் ஐம்பது வயதுக்குக் குறைந்தவர் ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை.

என் பெட்டியும் திண்டுக்கல் வேலைதான். கதவின் நடுவே ஒரு பித்தளைத் தகடு. செய்தவர் பெயர் அதில் இருந்திருக்கும். ஆயுத பூசைக்கு ஆயுத பூசை புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து முழுக்க மழுங்கிவிட்டது. சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் "திண்" மட்டும் தெரிகிறது. உயரம் நாலடி, அகலம் இரண்டரை, ஆழம் இரண்டு. கதவு முழுக்கக் குமிழ் குமிழாகத் தறையாணிகள், ஏழு வரிசை. சாவித் துவாரம் எங்கேயும் கண்ணில் படாது. மூன்றாவது வரிசையில் இடமிருந்து இரண்டாவது குமிழை மேலே தள்ளினால் அது நகர்ந்து வழிவிடும். மண்டிக்காரரின் மூத்த பேரன் எனக்கு அதைக் காட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். நாங்கள் இருவர் தவிர அந்தக் கட்டடத்தில் அப்போது யாரும் இல்லை.

திறந்ததும் புகையிலை வாசம். காரமாக இல்லை. பழைய வாசம், வெல்லம் கலந்தது போல. உள்ளே இரண்டு இழுப்பறை, ஒரு சின்ன உள்பெட்டி. உள்கதவின் பின்புறம் சுண்ணாம்புக்கட்டியால் யாரோ போட்ட கணக்கு. கூட்டலின் கடைசி வரி மட்டும் துடைக்கப்பட்டிருந்தது. பின்பக்கத் தகட்டில் ஓர் ஆணி விழுந்த ஓட்டை வழியாகச் சாம்பல் நிறத்தில் நைசான தூள் கசிந்திருந்தது. இரண்டு தகட்டுக்கும் நடுவே அடைத்தது. பழைய பெட்டி வாங்குகிறவர்கள் அந்தத் தூளை நோண்டிப் பார்க்க வேண்டாம். சில காலத்துப் பெட்டிகளில் கல்நாரும் அடைத்திருக்கிறார்கள், அது நெஞ்சுக்குள் போனால் கெடுதல். மெழுகு வைத்து ஓட்டையை அடைத்தேன்.

இனி எடை. கால் அங்குலத் தகடு ஒரு சதுர அடி சுமார் நாலரை கிலோ வரும். இந்தப் பெட்டிக்கு வெளித்தகடு மட்டும் 46 சதுர அடி. அதுவே 200 கிலோவைத் தாண்டிவிடுகிறது. உள்கூடு, கதவு, அடைப்புத் தூள் எல்லாம் சேர்த்தால் எவ்வளவு என்று நான் காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நாட்டாமை அதைப் பார்த்துவிட்டு, "அறுநூறுக்கு மேல, எழுநூறுக்குக் கீழ" என்றார். பிறகு எடைமேடையில் குட்டியானை வண்டியை ஏற்றி, காலி வண்டி எடையைக் கழித்தபோது 640 என்று சீட்டு வந்தது. அந்தச் சீட்டை வைத்திருக்கிறேன்.

முதலில் பெட்டியை யாரும் தூக்கவில்லை. அன்று முழுக்க யாருமே அதைத் தூக்கவில்லை என்பதுதான் விஷயம். கடப்பாரையின் தட்டை நுனியை ஒரு மூலையில் செருகி நெம்பினார்கள். ஒரு விரற்கடை எழும்பியது. உடனே ஒரு பலகைச் சில்லு உள்ளே போனது. எதிர் மூலை. மறுபடி ஒரு விரற்கடை, ஒரு சில்லு. இப்படி நாலு மூலையும் சுற்றி வர, அடியில் பைப்பு நுழைகிற அளவுக்கு இடைவெளி வந்துவிட்டது. ஐந்து ஜி.ஐ. பைப்பு. பெட்டி எப்போதும் நான்கின் மேல் நிற்கும், பின்னால் விடுபடுகிற ஐந்தாவதை ஒருவர் எடுத்து ஓடி முன்னால் போடுவார். பொள்ளல் கற்களின் மேல் கனத்த பலகை. பேச்சு கிடையாது. நாட்டாமையின் குரல் மட்டும்: "நெம்பு... கட்டை... விடு." மூன்றே சொல்தான்.

எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று டீ குடிக்கும்போது கேட்டேன். "எங்கப்பா தேருக்குக் கட்டை போட்டவரும்மா" என்றார். தேர் திரும்பும்போதும் சரிவில் இறங்கும்போதும் சக்கரத்தின் முன்னால் சறுக்குக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கலாம். தேர் எங்கே போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் குனிந்து நிற்கிற அந்த மனுஷன். ஒரு நொடி பிசகினால் கால் போய்விடும். அவர் அப்பா மற்ற மாதங்களில் மண்டிகளுக்கும் மில்லுக்கும் பாரம் நகர்த்தினார். இதே புகையிலை மண்டிக்கு இதே பெட்டியை இறக்கியவர் தன் அப்பாவாகவும் இருக்கலாம் என்றார். நிச்சயமில்லை, ஆனால் அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் வேறு குழு இல்லையாம்.

சுமை தூக்கும் தொழிலாளர்களின் வேலை நிலைமைக்காகத் தமிழ்நாட்டில் 1982-ல் ஒரு சட்டம் வந்தது. அதுவரை ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை என்று இல்லாமல் எப்போதுமே இவர்கள் கணக்கில் வராதவர்கள். மண்டியின் பழைய பேரேடு ஒன்றை அந்தப் பேரன் எனக்குப் புரட்டக் கொடுத்தார். பெட்டி வாங்கிய வருஷம் இல்லை, வேறொரு வருஷத்து ஏடு. யாரிடம் எத்தனை சிப்பம், என்ன விலை, யார் சாட்சி, எல்லாம் பெயரோடு இருக்கிறது. பாரம் இறக்கிய செலவு மட்டும் "கூலி" என்ற ஒரே சொல்லில் முடிகிறது. பத்திரங்களில் சாட்சிகளின் தகப்பனார் பெயர் விடுபட்டாலே திருப்பி அனுப்பியவள் நான். அந்த ஒற்றைச் சொல் எனக்கு உறுத்தியது.

வண்டியில் ஏற்றப் பத்தடி நீளச் சட்டம் இரண்டு. வண்டித் தட்டு தரையிலிருந்து இரண்டரை அடி. நேராகத் தூக்கினால் 640 கிலோ, பத்தடிச் சரிவில் தள்ளினால் அதில் கால்வாசியும் உராய்வுக்குக் கொஞ்சமும். பெட்டியைச் சுற்றிய வடக்கயிற்றின் மறுமுனையை எதிர்த்தூணில் ஒரு சுற்றுச் சுற்றி ஒருவர் பிடித்துக்கொண்டார், ஏறிய ஒவ்வொரு சாணுக்கும் கயிற்றை இறுக்கி. வழுக்கினால் கயிறு தாங்கும். யாரும் பெட்டிக்குக் கீழ்ப்புறமாக நிற்கவில்லை. பக்கவாட்டிலிருந்து மட்டுமே கை கொடுத்தார்கள்.

மதுரையில் என் வீட்டில் பெட்டியை மாடியில் வைக்கத்தான் எனக்கு ஆசை, கீழே மழைக்காலத்தில் ஓதம் ஏறும். தெரிந்த பொறியாளர் ஒருவர் வேண்டவே வேண்டாம் என்றார். வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் போடுகிறார்கள். இந்தப் பெட்டி அரைச் சதுர மீட்டர்கூட இல்லாத இடத்தில் 640 கிலோவை இறக்குகிறது. ஆகவே கீழ்த்தளம், இரண்டு சுவர் சேர்கிற தென்மேற்கு மூலை, ஓடுகளைப் பெயர்த்துவிட்டு அங்கே கனத்த கடப்பாக்கல். பெட்டியைக் கன்னி மூலையில் வைத்து வடக்கு பார்த்துத் திறக்க வேண்டும் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பொறியாளர் காட்டிய மூலையும் அதுவாகவே அமைந்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

வாசற்படியில்தான் தவறு நடந்தது, தவறு என்னுடையது. பெட்டி படியின் விளிம்பில் இருந்தபோது பயத்தில், "பாத்து, பாத்து!" என்று கத்திவிட்டேன். கட்டை செருகிக்கொண்டிருந்த பையன் என் பக்கம் திரும்பினான். கட்டை ஓர் அங்குலம் தள்ளி விழுந்தது. பெட்டியின் மூலை இறங்கி, கருங்கல் படியின் முனை ஒரு கையகலத்துக்குப் பெயர்ந்தது. அந்தப் பையனின் விரல் அந்த இடத்திலிருந்து நாலு விரற்கடை தூரத்தில் இருந்தது. நாட்டாமை என்னைத் திட்டவில்லை. "குரல் ஒண்ணுதான் இருக்கணும்மா" என்று மட்டும் சொன்னார். நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். பெயர்ந்த படியை இன்றுவரை நான் பூசவில்லை.

கடைசி முக்கால் மணி நேரம் பெட்டியை நிமிர்த்தி நிறுத்துவதிலேயே போனது. ரசமட்டம் எதுவும் அவர் கையில் இல்லை. கதவைப் பாதி திறந்து கையை எடுத்தார். கதவு தானாக மெல்லச் சாத்திக்கொண்டது. இடது முன்மூலையில் ஒரு தகரச் சில்லைச் செருகினார். மறுபடி பாதி திறந்தார். இந்தத் தடவை கொஞ்சமாகத் திறந்தது. சில்லை உருவிப் பாதியாக மடித்துச் செருகினார். கதவு வைத்த இடத்தில் நின்றது. முக்கால் திறந்து விட்டார், அங்கேயும் நின்றது. கால்வாசியில் விட்டார், நின்றது. 150 கிலோ இருக்கும் அந்தக் கதவு அந்தரத்தில் மிதப்பதுபோல அசையாமல் நின்றதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு சாத்திப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். "ஒரு தடவை திறந்து பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். ஆறு பேரும் திரும்பித் தெருவைப் பார்த்து நின்றார்கள்.

"அண்ணே, காலிப் பெட்டிதானே, நீங்கதானே இவ்வளவு நேரம் திறந்து மூடினீங்க" என்றேன்.

"அப்ப அது சொமைம்மா. இப்ப உங்க பெட்டி."

நான் குமிழைத் தள்ளி, சாவியை நுழைத்துத் திருப்பினேன். திறந்து, தாத்தாவின் பத்திரத்தில் கறையான் விட்டுவைத்ததை மஞ்சள் துணியில் சுற்றி மேல் இழுப்பறையில் வைத்தேன். மூடிப் பூட்டிய சத்தம் கேட்ட பிறகுதான் அவர்கள் திரும்பினார்கள்.